சுவரைப் பார்த்து டிரில் வாங்குங்கள்: சிங்கப்பூருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த சில வாரங்களிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்: எந்த டிரில் மெஷின் வாங்கலாம்? சாமி படம் மாட்ட வேண்டும், திரைச்சீலைக் கம்பி பொருத்த வேண்டும், சமையலறையில் ஓர் அலமாரி தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. தச்சு, ஏர்கான், மின்வேலை என்று தொழிலில் புதிதாகக் காலெடுத்து வைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். அவர்களுக்கு மெஷின் பழுதானால் அன்றைய வேலையே நின்றுவிடும் என்பதால் கவலை இன்னும் அதிகம்.

பெரும்பாலானவர்கள் பிராண்டையும் வோல்ட்டையும் வைத்துத் தேட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் சுவர், அடுத்து பேட்டரி, மூன்றாவது விற்பவர். இந்த மூன்றும் முடிவானால் மெஷின் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் சுவர்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எல்லாச் சுவரும் ஒன்றுபோல் இருக்காது. தூணும் உத்தரமும் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட். வெளிச்சுவர்களிலும் கான்கிரீட்தான் அதிகம்; முன்பதிவின் பேரில் கழகம் கட்டித் தரும் புதிய பிடிஓ வீடுகளில் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய கான்கிரீட் பலகைகளைக் காணலாம். அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் பழைய வீடுகளில் பெரும்பாலும் செங்கல்லும் பூச்சும். புதியவற்றில் இலேசான பலகைச் சுவர்கள் வந்துவிட்டன. சிலவற்றின் உள்ளே பொந்து இருக்கும்.

எது எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கான்கிரீட் சத்தமே கொடுக்காது, முட்டிதான் வலிக்கும். பொந்துள்ள பலகை கொட்டு கொட்டென்று பதில் சொல்லும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், பின்னால் படமோ அலமாரியோ மறைக்கப்போகிற இடத்தில் ஒரு சிறிய துளையை மெதுவாகப் போட்டு, விழுகிற தூளைக் கவனியுங்கள். முதலில் வருவது பூச்சின் வெளிர்த்தூள். அதைத் தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் மாவாக வந்து, பிட் (மெஷினில் மாட்டும் துளையிடும் முனை) முன்னேற மறுத்தால் கான்கிரீட். வெள்ளைத் தூளோடு பிட் திடீரென்று உள்ளே வழுக்கி விழுந்தால் ஜிப்சம் பலகை. அதில், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகுகிற சாதாரண பிளக் நிற்காது, பின்பக்கம் விரிந்து பிடிக்கிற தனி வகைப் பிளக் தேவை. தூளை வைத்துச் சுவரைப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டால், கடையில் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. எல்லாரும் பாம் ஷெல்ட்டர் என்று சொல்கிற காப்பறைக்கென 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அதன் இரும்புக் கதவில் துளை போடக்கூடாது. சுவரில் போடுவதற்கும் நிபந்தனைகள் உண்டு: பிளக் உலோகமாக இருக்கக்கூடாது, துளையின் ஆழம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. குடிமைத் தற்காப்புப் படை தன் இணையத்தளத்தில் இவற்றை விரிவாகப் போட்டிருக்கிறது. வாசித்துவிட்டு மெஷினை எடுங்கள். அந்த அறை உயிர் காப்பதற்காகக் கட்டப்பட்டது, அலமாரிக்காக அதன் வலுவைக் குறைக்க வேண்டாம்.

புதைத்த மின்கம்பிகளும் அப்படித்தான். சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் கம்பி போகக்கூடும் என்று வைத்துக்கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளியலறையில் தண்ணீர்க் குழாயும், டைலுக்குப் பின்னால் ஈரம் கசியாமல் காக்கும் பூச்சும் இருக்கின்றன. அங்கே துளை போடாமல் ஒட்டும் கொக்கிகளால் சமாளிக்க முடிந்தால் அதுவே நல்லது. வாடகை வீடென்றால், சுவரைத் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிக்கிற சண்டைகள் பல இந்தத் துளைகளில்தான் தொடங்குகின்றன.

நான்கு மெஷின்கள், நான்கு வேலைகள்

கடையில் நான்கும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

டிரில் டிரைவர் சுழல மட்டும் செய்யும். மரம், பலகை, மெல்லிய தகரம், பிளாஸ்டிக், மேசை நாற்காலி பூட்டும் வேலை எல்லாம் இதற்கு எளிது. கான்கிரீட்டில் வைத்தால் பிட் சூடாகிக் கருகும், துளை விழாது.

ஹேமர் டிரில் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் துடிக்கும். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் வருகிற துடிப்பு அது. நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் அடி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் ஒவ்வோர் அடியும் மிகச் சிறியது. வலு உங்கள் தோளிலிருந்து வர வேண்டும். செங்கல் சுவருக்கு இது தாராளம். கான்கிரீட்டில் ஒன்றிரண்டு 6 மில்லிமீட்டர் துளை என்றால் முக்கி முனகிப் போட்டுவிடலாம். பத்துத் துளை என்றால் கையும் ஓய்ந்துவிடும், மெஷினும் கொதித்துவிடும்.

ரோட்டரி ஹேமர் தனி இனம். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளி, அது பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வோர் அடியிலும் வலு இருக்கிறது. அந்த வலுவை ஜூல் என்ற அளவில் எழுதுவார்கள். பேட்டரியில் ஓடும் சிறிய மெஷின்களில் ஒன்றிலிருந்து மூன்று ஜூல் வரை பார்க்கலாம். இதன் பிட்டின் பின்பகுதியில் பள்ளம் வெட்டியிருக்கும். எஸ்டிஎஸ் பிளஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். வழவழப்பான சாதாரண பிட் இதில் நிற்காது. கான்கிரீட்டில் ஹேமர் டிரில்லோடு போராடியவர் இதை ஒருமுறை பிடித்தால் திகைத்துப்போவார்: அழுத்தத் தேவையில்லை, நேராகப் பிடித்திருந்தால் போதும், 6 மில்லிமீட்டர் துளை சில நொடிகளில் முடிந்துவிடும். சத்தம் உண்டு, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மேல்வீடு கீழ்வீட்டுக்காரர்களுக்கும் இதுவே நல்லது.

இம்பாக்ட் டிரைவர் என்ற குட்டையான மெஷினைப் பார்த்து ஹேமர் டிரில் என்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் நிறைய. இது முன்னால் குத்தாது. சுழலும் திசையிலேயே தட்டித் தட்டி ஸ்க்ரூவை முறுக்கும். நீளமான ஸ்க்ரூ, போல்ட், கூரை வேலைக்கு அருமையான கருவி. சுவரில் துளை போட இது வேண்டாம்.

வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் எது? பழைய வீடு, உள்சுவரெல்லாம் செங்கல் என்றால் 18 வோல்ட் ஹேமர் டிரில் ஒன்று எல்லா வேலைக்கும் போதும். சுற்றிலும் கான்கிரீட் உள்ள புது வீடு என்றால், மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் ஒரு சிறிய டிரில் டிரைவர் வாங்கிக்கொண்டு, ரோட்டரி ஹேமரைத் தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள், அல்லது கருவி வாடகைக் கடையில் ஒரு நாளுக்கு எடுங்கள். எல்லாத் துளைக்கும் முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற மெஷினுக்குப் பெரிய பணம் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வோல்ட் கணக்கில் நடக்கும் ஏமாற்று

லித்தியம் பேட்டரிக்குள் இருப்பவை சிறு உருளைச் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், மூன்றை இணைத்தால் 10.8 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் சற்று நேரத்துக்கு 4 வோல்ட் அளவில் காட்டும். அதனால் அதே ஐந்து செல் பேட்டரியைச் சிலர் 20 வோல்ட் மேக்ஸ் என்றும், மூன்று செல் பேட்டரியை 12 வோல்ட் மேக்ஸ் என்றும் எழுதுகிறார்கள். டிவால்ட்டின் 20 வோல்ட் மேக்ஸும் மக்கிட்டாவின் 18 வோல்ட்டும் ஒரே வகுப்புதான். இரண்டு வோல்ட் கூடுதல் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இதுவரை இருப்பது விளம்பரக் கணக்கு, அதில் பொய் இல்லை. இணையச் சந்தைகளில் 48விஎஃப், 88விஎஃப், 128விஎஃப் என்று எழுதி, இரண்டு பேட்டரி, பெட்டி நிறையப் பிட், எல்லாம் சேர்த்து நம்ப முடியாத விலைக்கு வருகிறதே, அங்கேதான் கொதிப்பு வருகிறது. அந்த எண் வோல்ட்டே இல்லை. கூடவே வி என்ற எழுத்தை ஒட்டவைத்து வோல்ட் என்று படிக்க வைக்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் இருப்பது அதே ஐந்து செல்தான். ஊரிலிருந்து புதிதாக வந்து, கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற ஒருவரின் பணம் இப்படிப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டு வேலைக்கு 12 வோல்ட் மேக்ஸ் வகையை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். இலேசு, அலமாரிக்குள் கை விட்டு வேலை செய்ய வசதி, மரமும் ஸ்க்ரூவும் மட்டும் என்றால் மிகப் பொருத்தம். சுவர் வேலையும் உண்டென்றால் 18. அதற்கு மேல் 36, 40 என்று போவது நாள் முழுக்கப் பெரிய துளை போடுகிறவர்களுக்கு.

முறுக்கு வலுவை நியூட்டன் மீட்டரில் எழுதுவார்கள். வீட்டுக்கு ஐம்பது, அறுபது போதும். சில பெட்டிகளில் இரண்டு எண் இருக்கும்: ஒன்று மரம் போன்ற மென்மையான பொருளுக்கு, ஒன்று உலோகம் போன்ற கடினமானதற்கு. பெரிய எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடுவது வழக்கம். இரண்டு மெஷினை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணை ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளது, இல்லாதது என்று இரு வகை. பிரஷ் இல்லாத மோட்டாரில் உராய்வு குறைவு, சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், விலையும் கூடுதல். தினமும் உழைக்கிற மெஷினுக்கு யோசிக்காமல் பிரஷ் இல்லாததை வாங்குங்கள். மாதம் இரண்டு துளை போடுகிறவருக்குப் பிரஷ் உள்ளதே போதும். பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் அமைப்புள்ள மெஷினாக இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரிதான் உண்மையான முதலீடு

ஒரு பிராண்டின் பேட்டரி மற்றொரு பிராண்டில் பொருந்தாது. ஒரே பிராண்டுக்குள்ளேயே பொருந்தாத குடும்பங்கள் உண்டு: போஷ் நிறுவனத்தின் தொழில்முறை நீல மெஷினுக்கும் வீட்டு உபயோகப் பச்சை மெஷினுக்கும் 18 வோல்ட் பேட்டரி வேறு வேறு. மக்கிட்டாவிலும் 12, 18, 40 மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். இன்று டிரில் வாங்குகிறீர்கள், நாளை ஒரு கிரைண்டர், ஒரு விளக்கு, ஒரு தூசி உறிஞ்சி என்று சேரும்போது பேட்டரி இல்லாத வெறும் மெஷினாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். அதனால் அந்தக் குடும்பத்தில் வேறு என்னென்ன மெஷின் இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கிறதா என்று இன்றே பாருங்கள். தனிப் பேட்டரி கிடைக்காத மெஷின், அந்தப் பேட்டரி சாகும் நாளில் குப்பைதான்.

ஆம்பியர் அவர் என்பது பேட்டரி என்ற தொட்டியின் அளவு. வீட்டுக்கு 2 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு இருந்தால் ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றொன்று வேலை செய்யும். பெரியது ஒன்றைவிட இப்படி இரண்டு சிறியது நல்லது, கையும் வலிக்காது. ரோட்டரி ஹேமருக்கு 4 அல்லது 5 தேவை. சார்ஜரின் வேகத்தையும் பாருங்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் 4 ஆம்பியர் அவர் பேட்டரி நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும்.

போலிப் பேட்டரியை அடையாளம் காண எடைதான் நல்ல சாட்சி. வழக்கமான 18650 அளவுச் செல் ஒன்றின் எடை ஏறக்குறைய 45 கிராம். 18 வோல்ட்டில் 5 ஆம்பியர் அவர் வேண்டுமானால் அந்தச் செல்களை இரண்டு வரிசையாகப் பத்து வைக்க வேண்டும். செல் மட்டுமே 450 கிராம், கூடும் மின்சுற்றுப் பலகையும் சேர்த்து 600 கிராமைத் தொடும். இணையத்தில் வாங்கிய ஒரு 5 ஆம்பியர் அவர் பேட்டரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பத்துச் செல்லுக்கான குழிகளில் ஐந்து காலியாக இருந்தன. செல்களைச் சமமாகக் கவனிக்கும் கம்பிகளும் இல்லை. ஒரு செல் மட்டும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலும் அதைத் தடுக்க அங்கே எதுவும் கிடையாது. நாம் தூங்குகிற வீட்டில், மூடிய கதவுக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் செய்யப்போவது இதைத்தான் என்று நினைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும், இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், பேட்டரியை மாட்டித் தரச் சொல்லுங்கள். தோள் உயரத்தில் கையை நீட்டி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கடையில் சுமையாகத் தெரியாத எடை ஏணிமேல் நிற்கும்போது நன்றாகத் தெரியும்.

விசையை மெல்ல மெல்ல அழுத்துங்கள். நல்ல மெஷின் ஊர்ந்து தொடங்கி, விரல் சொல்கிற அளவுக்கு வேகமெடுக்கும். விரலை எடுத்ததும் சட்டென்று நிற்கும். மட்டமானது ஓடும் அல்லது நிற்கும், இடைப்பட்ட வேகம் கிடையாது. டைலில் துளை தொடங்கும்போது இந்த மெதுவேகம் இல்லாவிட்டால் பிட் வழுக்கி டைலைக் கீறிவிடும்.

பிறகு நீளமான மெல்லிய பிட் ஒன்றைச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதி) மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, நுனியை மட்டும் உற்றுப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியாக நின்றால் சக் நேராக இருக்கிறது. சிறு வட்டம் போட்டால் உங்கள் துளைகள் எல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாகவே விழும், பிளக் லொடலொடக்கும். சக்கைக் கையாலேயே இறுக்கி, பிட்டை இழுத்துப் பாருங்கள், நழுவக்கூடாது. வீட்டுக்கு 10 மில்லிமீட்டர் வரை பிடிக்கும் சக் போதும், தொழிலுக்கு 13.

கழுத்தில் எண் போட்ட வளையம்தான் கிளட்ச். ஸ்க்ரூ போதுமான அளவு இறுகியதும் டரடரவென்று சத்தமிட்டு விட்டுவிடும். பலகை பிளந்துவிடாமல் காப்பது இது. குறைந்த எண்ணில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். மேலே உள்ள 1, 2 என்பது கியர்: ஸ்க்ரூவுக்கு 1, துளைக்கு 2. அறுபது நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும் மெஷினென்றால் பக்கவாட்டுக் கைப்பிடியோடு வாங்குங்கள். பிட் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் சிக்கினால் மெஷின் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும்.

எங்கே வாங்குவது

ஜாலான் புசார் பக்கம் கருவிக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. சிம் லிம் டவரிலும் உண்டு. தேக்காவுக்கு வருகிற நாளில் முஸ்தபா கடையில் ஒரு சுற்று, பிறகு நடந்தே ஜாலான் புசார் என்று வைத்துக்கொண்டால் விலையும் தெரியும், மெஷினையும் தொட்டுப் பார்க்கலாம். ஹோர்ம் போன்ற பெரிய கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சிறிய ஹார்ட்வேர் கடையை மறந்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு வெள்ளி கூடுதல் இருக்கலாம், ஆனால் நாளை பிட் உடைந்தால் ஓடிப்போகக் கிடைக்கிற இடம் அது.

விலை கேட்பதற்கு முன் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இதற்குப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா? பழுதானால் இங்கேயே கொடுக்கலாமா, வேறு எங்காவது கொண்டுபோக வேண்டுமா? உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடையுடையதா?" தடுமாறாமல் பதில் வந்தால் அங்கே வாங்கலாம். பேட்டரிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் மெஷினைவிடக் குறைவான காலத்துக்கே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வருவதென்றால் சார்ஜரைப் பாருங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட், பிளக்கில் மூன்று சதுரக் கால். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் சார்ஜரை அடாப்டர் போட்டுச் செருகினால் புகைதான் வரும். ஜொகூர் பாருவில் வாங்கும் சார்ஜர் இங்கே அப்படியே பொருந்தும், ஆனால் அந்தக் கடையின் உத்தரவாதத்தைக் கேட்க மறுபடி பாலம் கடக்க வேண்டியிருக்கலாம்.

இங்குள்ள கடையில் வாங்கியதில் ஓர் உரிமை உங்களுக்கு உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தென்பட்டால் அது வாங்கும்போதே இருந்தது என்று பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். தனிநபர் தனிநபருக்கு விற்பதை இந்தச் சட்டம் காக்காது. முழுக்க முழுக்கத் தொழிலுக்காக வாங்குவதும் இதில் சேராது. கரோசெல் என்ற இணையச் சந்தையில் பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அதனால் நேரில் போய், பேட்டரியை மாட்டி, ஒரு மரத்துண்டில் ஸ்க்ரூ ஏற்றிப் பார்த்து, பிறகே பணம் கொடுங்கள். பழைய மெஷின் வாங்கலாம், பழைய பேட்டரி வேண்டாம் என்பது என் கட்சி.

தொழிலுக்கு என்றால்

தளத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் எந்தக் குடும்பப் பேட்டரி வைத்திருக்கிறார்களோ, அதையே வாங்குங்கள். மதியம் உங்கள் பேட்டரி தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று வாங்கி வேலையை முடித்துவிடலாம். மக்கிட்டா, போஷ், டிவால்ட், மில்வாக்கி, ஹிக்கோக்கி எல்லாமே உழைக்கிற மெஷின்கள்தான். ஹிக்கோக்கி என்ற பெயரைக் கேட்டுத் தயங்குகிறவர்களுக்கு, 2018 வரை ஹிட்டாச்சி கோக்கி என்றிருந்த நிறுவனம்தான் அது. இவற்றுக்குள் எது உயர்ந்தது என்ற வாதத்தைவிட, பழுது பார்க்கும் இடம் எவ்வளவு பக்கம், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதே உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும். வண்டிக்குள் வெயிலில் வெந்த பேட்டரியைச் சார்ஜரில் போட்டால் அது ஏற்க மறுத்து விளக்கை மின்னும். பழுதில்லை, நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். மெஷின்மேல் பெயின்ட்டில் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள், ஒரே நிற மெஷின்கள் பத்துக் கிடக்கிற தளத்தில் அது சண்டையைத் தவிர்க்கும்.

பிட்டும் முதல் துளையும்

நல்ல மெஷினில் மட்டமான பிட்டைப் போட்டால் எல்லாம் வீண். சுவருக்கு நுனியில் கார்பைடு பதித்த பிட், உலோகத்துக்கு எச்எஸ்எஸ் எனப்படும் எஃகுப் பிட், டைலுக்கு ஈட்டி முனை அல்லது வைரத்தூள் பிட். நூறு பிட் கொண்ட மலிவுப் பெட்டிக்குப் பதில் 5, 6, 8 மில்லிமீட்டரில் நல்லது ஒவ்வொன்று வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட்.

பிட்டின் மேல் ஆழத்தைக் குறிக்க ஒரு டேப் சுற்றுங்கள். குறித்த இடத்திற்குச் சற்றுக் கீழே ஒரு தாளை மடித்து ஒட்டினால் தூள் அதில் விழும். கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள். கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். டைலாக இருந்தால் டேப் ஒட்டி, ஹேமரை அணைத்து, மெதுவாகத் தொடங்குங்கள். டைலைத் தாண்டிய பிறகே ஹேமர். பாதி வழியில் பிட் இரும்பில் முட்டியது போல் நின்றால் அது உள்ளே இருக்கும் கம்பியாக இருக்கலாம். முட்டி மோதாமல் துளையை ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள். துளையில் உள்ள தூளை ஊதாமல் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிளக்கைத் தட்டுங்கள். தூள் தங்கினால் பிடிப்பு இருக்காது. துளை போடுவது உங்கள் வேலை. மின்கம்பி இணைப்பது உரிமம் பெற்ற மின் ஊழியரின் வேலை.

வீவக விதிப்படி புதுப்பிப்பு வேலைகளுக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை அனுமதி. சுவர் இடித்தல், டைல் உடைத்தல், விடாமல் துளையிடுதல் போன்ற பலத்த சத்தமுள்ள வேலைகள் வார நாள்களில் 9 முதல் 5 வரை மட்டும்; சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது, தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு போன்ற பெருநாள்களுக்கு முந்திய நாளிலும் கூடாது. கொண்டோமினியங்களில் நிர்வாகத்தின் விதி தனி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேட்டரியைக் காப்பதும் ஊருக்குக் கொண்டுபோவதும்

சார்ஜரை வாசலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான். மெத்தை, சோபா மேலும் வேண்டாம். நாம் விழித்திருக்கும்போது கட்டாந்தரையில் வைத்து ஏற்றி, நிரம்பியதும் எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மெஷினையும் எடுத்துப்போக நினைப்பவர்கள் பலர். டிரில் மெஷின் கைப்பையில் அனுமதிக்கப்படாது, பதிவு செய்யும் பெட்டியில் போக வேண்டும். கழற்றிய லித்தியம் பேட்டரி அதற்கு நேர்மாறு: பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். 18ஐ 5ஆல் பெருக்கினால் 90. பொதுவாக 100 வரை தடையில்லை, 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் தேவை. 18 வோல்ட்டில் 6 ஆம்பியர் அவர் பேட்டரி 108 ஆகிவிடுவதால், டிக்கெட் வாங்கிய நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். ஊரிலும் 230 வோல்ட்தான், அதனால் சார்ஜர் அங்கே அப்படியே வேலை செய்யும். பிளக்கின் கால் மட்டும் வேறு, ஓர் அடாப்டரைப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.